ஒரு பந்து, நாற்பது பிள்ளைகள்

ஒரு சின்னக் கணக்கு. தொடக்கப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள், ஒரு பந்து, நாற்பது நிமிட பீரியட். வகுப்பை விட்டு இறங்கி மைதானம் போய்ச் சேர ஐந்து நிமிடம். வரிசையில் நிறுத்தி அடங்கவைக்க ஐந்து நிமிடம். முடிந்ததும் கை கால் கழுவி, தண்ணீர் குடித்து, திரும்பி வந்து உட்கார ஐந்து நிமிடம். மிச்சம் 25. பந்தை வாங்கி, எறிந்து, அது திரும்பி வருவதற்கு ஒரு பிள்ளைக்கு 15 நொடி என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு நாலு பேர், மொத்தம் நூறு எறி. நூறை நாற்பதால் வகுத்தால் தலைக்கு இரண்டரை எறி. மற்ற நேரமெல்லாம் வரிசையில் நின்று முன்னால் இருப்பவன் சட்டையைப் பிடித்து இழுப்பதும், அவன் திரும்பி அடிப்பதும், "டீச்சர், இவன் என்னை அடிச்சிட்டான்" என்பதும்தான்.

இதுகூட எல்லோருக்கும் முறை வைத்துக் கொடுக்கும் நல்ல ஆசிரியரின் கணக்கு. பந்தைத் தூக்கிப் போட்டு "போய் விளையாடுங்க" என்று விட்டுவிட்டால், அந்த நூறு எறியில் பெரும்பகுதியைத் துடியான ஐந்தாறு பேர் எடுத்துக்கொள்வார்கள். இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். கழுத்தில் விசில், கையில் ஒரு பந்து, மர நிழலில் ஒரு நாற்காலி. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சந்தோஷமாக இருந்தவர்கள் ஓடிக்கொண்டிருந்ததால் கண்ணில் பட்டார்கள். மற்றவர்கள் சுற்றுச்சுவர் ஓரம் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

விளையாட விடுவது தப்பில்லை, அதுவும் வேண்டும். ஆனால் இடைவேளையில் விளையாட விடுவது வேறு, உடற்கல்வி என்று பெயர் போட்டு கால அட்டவணையில் ஒதுக்கிய நேரத்தில் சொல்லிக்கொடுப்பது வேறு. தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் இந்த இரண்டும் ஏன் ஒன்றாகிப் போயின என்பதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது.

யாருடைய வேலை இது?

"பி.டி. சார்" என்றதும் நம் நினைவுக்கு வருபவர் உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ இருந்தவர். ஒன்று முதல் ஐந்து வரை மட்டுமே உள்ள தனித் தொடக்கப் பள்ளியில் அப்படி ஒரு பணியிடமே கிடையாது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணையைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியர் எண்ணிக்கையைப் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் அது முடிவு செய்கிறது: 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு என்று. உடற்கல்விக்கு என்று தனியாக யாரும் இல்லை. ஆறு முதல் எட்டு வரை, நூறு பேருக்கு மேல் படித்தால், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. அதே அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருட்கள் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, சின்னப் பிள்ளைகளுக்கு இடம் உண்டு, பொருள் உண்டு, சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அந்தப் பகுதிநேரப் பணியிடங்களைத்தான் தமிழ்நாடு அரசு 2012இல் நிரப்பியது. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம், வாரத்துக்கு மூன்று அரை நாள், மொத்தம் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஊதியம் அப்புறம் படிப்படியாகக் கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியது தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்களும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். நடுநிலைப் பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தால், பாவம் என்று சின்ன வகுப்புகளையும் ஒரு பீரியட் கூட்டிக்கொண்டு போவார். அது அவருடைய நல்ல மனசு, அவ்வளவுதான்.

ஈராசிரியர் பள்ளி என்றால் ஒருவரிடம் மூன்று வகுப்பு, இன்னொருவரிடம் இரண்டு வகுப்பு. உடற்கல்வியும் அந்த வகுப்பு ஆசிரியர் தலையில்தான். அவர் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி படித்தவர். அங்கே உடற்கல்வியைப் பற்றிக் கொஞ்சம் படித்திருப்பார். ஆனால் கணக்கு பாடத்துக்கு எத்தனை விதமான துணைக்கருவி செய்யலாம் என்று தெரிந்தவருக்கு, ஏழு வயதுப் பிள்ளைக்குப் பந்து பிடிக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாரும் செய்து காட்டியிருக்க மாட்டார்கள். தெரியாத பாடத்தை எப்படி நடத்துவோம்? தெரிந்த வழியில் நடத்துவோம். நமக்குத் தெரிந்த வழி இரண்டு: ஒன்று டிரில், இன்னொன்று பந்தைக் கொடுத்துவிடுவது.

டிரில்லுக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் காலத்துப் பள்ளிகளில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் பலர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அணிவகுப்பு, கையை நீட்டு, மடக்கு, நேராக நில், இயல்பாக நில். அவர்களுக்குத் தெரிந்தது அது. பழைய ஆட்கள் இன்றும் "டிரில் மாஸ்டர்" என்று சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். இதை மாற்றிப்போட வந்தவர்களில் முக்கியமானவர் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர். அவர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவரே. உடற்கல்வி என்பது கட்டளைக்குக் கை தூக்குவது இல்லை, விளையாட்டு வழியாக உடம்பையும் குணத்தையும் வளர்ப்பது என்ற எண்ணம் இந்தக் கல்லூரி வழியாகத்தான் நம் பள்ளிகளுக்குள் பரவியது. ஆனால் அங்கே படித்து வந்தவர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போனார்கள். தொடக்கப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது வாரத்துக்கு ஒரு நாள் மாஸ் டிரில் மட்டும்தான்.

மாஸ் டிரில் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆண்டு விழாவில் பார்க்க அழகு. தாளத்துக்கு ஏற்ப உடம்பை அசைக்கவும், அடுத்தவனைப் பார்த்துச் சேர்ந்து செய்யவும் பழக்கும். ஆனால் நின்ற இடத்தில் கையை ஆட்டியே ஒரு பிள்ளை ஓடக் கற்றுக்கொள்ளாது.

எறிவதற்கும் எழுத்து உண்டு

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டியவற்றை அடிப்படை அசைவுத் திறன்கள் என்பார்கள். ஓடுவது, தாண்டுவது, நொண்டுவது, குதிரை ஓட்டம், சட்டென்று திரும்புவது ஒரு வகை. ஒற்றைக் காலில் நிற்பது, உருள்வது, கோட்டின் மேல் நடப்பது இன்னொரு வகை. எறிவது, பிடிப்பது, உதைப்பது, மட்டையால் அடிப்பது மூன்றாவது. கபடி, கோகோ, கிரிக்கெட், கைப்பந்து எல்லாம் இவற்றைக் கோத்துச் செய்தவைதான். இவை வளர வளரத் தானாக வந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். நடப்பது தானாக வரும், சரி. எறிவது அப்படி வருவதில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பந்து எறியச் சொல்லிப் பாருங்கள். சிலர் முகத்தையும் மார்பையும் நேரே காட்டி நின்று, முழங்கையை மட்டும் மடக்கி விரிப்பார்கள். கால் நகராது. அடுத்த படியில் இருப்பவர்கள் ஒரு அடி எடுத்து வைப்பார்கள். ஆனால் வலது கையால் எறியும்போது வலது காலே முன்னால் போகும். அதற்கும் அடுத்த படியில்தான் வலது கைக்கு இடது கால் முன்னால் வரும், இடுப்பு திரும்பும், தோள் திரும்பும், கடைசியில் கை சாட்டை மாதிரி வரும். இந்த மூன்று படியையும் ஒரே வகுப்பில் பார்க்கலாம். வயது காரணமில்லை, எத்தனை தடவை எறிந்திருக்கிறார்கள் என்பதே காரணம். முதல் படியிலேயே நின்றுபோன பெரியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் தூரத்திலிருந்து சாவியைத் தூக்கிப் போடச் சொன்னால் தெரிந்துவிடும்.

பிடிப்பதிலும் இதே படிகள். பந்து வரும்போது கையை விறைப்பாக நீட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடுவது முதல் படி. கையும் மார்புமாகச் சேர்த்து அணைத்துப் பிடிப்பது அடுத்தது. உள்ளங்கையில் மட்டும் வாங்குவது கடைசி. கண்ணை மூடும் பிள்ளையிடம் "பந்தைப் பாரு, பந்தைப் பாரு" என்று கத்திப் பயனில்லை. அது பயத்தில் மூடுகிறது. பந்தை மாற்ற வேண்டும். துணிப்பந்து, காற்று ஊதிய பலூன், சுருட்டிக் கட்டிய காகிதம் என்று அடிபட்டால் வலிக்காத, மெதுவாக வரும் எதையாவது கொடுத்தால் ஒரே வாரத்தில் கண் திறந்துவிடும்.

நம் தெரு விளையாட்டுகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாண்டி ஆடிய பெண் பிள்ளைக்கு ஒற்றைக் காலில் தாண்டி, கோட்டை மிதிக்காமல் நின்று, குனிந்து சில்லை எடுக்கத் தெரியும். ஐந்தாங்கல் ஆடிய கைக்கு மேலே போன கல்லைக் கண்ணால் தொடர்ந்து பிடிக்கத் தெரியும். கிட்டிப்புள்ளும் கோலியும் ஆடிய பையனுக்குக் குறி வைக்கவும் ஓங்கி அடிக்கவும் தெரியும். யாரும் திட்டம் போட்டு எழுதாத பாடத்திட்டம் அது. ஆனால் அது ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தே வைத்திருந்தது. நொண்டுவதிலும் சமநிலையிலும் பெண் பிள்ளைகள் கெட்டி, எறிவதிலும் உதைப்பதிலும் பையன்கள் கெட்டி என்று பல நாடுகளில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பத்து வயதுக்குள் உடம்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. யாருக்கு எந்த விளையாட்டு கிடைத்தது என்பதில்தான் வித்தியாசம். பள்ளி செய்ய வேண்டியது சுலபம்: பையன்களைப் பாண்டி ஆட வை, பெண்களை எறியச் சொல். முதல் நாள் பையன்கள் சிரிப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் விழுந்து எழுந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

தெருவும் இப்போது பழைய தெரு இல்லை. வண்டி வந்துவிட்டது, காலி மனையில் வீடு வந்துவிட்டது, கைபேசி வந்துவிட்டது. கொரோனாவில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பள்ளி மைதானத்தையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. படிப்பில் விழுந்த பள்ளத்தை நிரப்ப 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. நல்ல காரியம். ஓடவும் தாண்டவும் விழுந்த பள்ளத்தைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே எழவில்லை.

அப்படியானால் பீரியடில் என்ன செய்வது?

மூன்றாம் வகுப்பு, 36 பிள்ளைகள், எறிவது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை பந்து. கிழிந்த வேட்டி, பழைய சேலைத் துணியைச் சுருட்டி, நூல் சுற்றி, மேலே ஒரு பழைய காலுறையை மாட்டித் தைத்தால் ஒரு துணிப்பந்து. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கைவேலையாகக் கொடுத்தால் ஒரு வாரத்தில் இருபது பந்து தயார். இரண்டு பேருக்கு ஒரு பந்து. காலையிலேயே கோலமாவால் மைதானத்தில் எதிரெதிராக இரண்டு நீளக் கோடு. கோடு இருந்தால் பாதி கத்தல் மிச்சம். எங்கே நிற்க வேண்டும் என்று வாயால் சொல்லத் தேவையில்லை.

வெளியே வந்ததும் வரிசை கட்டாமல் நேராக ஓட்டம். காலி இடம் பார்த்து ஓடு, யார் மேலும் மோதாதே, விசில் அடித்தால் சிலை. வருடத்தின் முதல் இரண்டு வாரம் இதை மட்டுமே பழக்கினாலும் நஷ்டமில்லை. நிற்கத் தெரிந்த வகுப்பை எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம். அப்புறம் கோட்டுக்கு வந்து, ஜோடியாக எதிரெதிரே நின்று எறிதல். சொல்லிக்கொடுக்கும் சொல் குறைவாக, ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. இன்றைக்கு "எதிர்க் கால் முன்னே". நாளைக்கு "பக்கவாட்டில் நில்லு". அடுத்த வாரம் "கை காதுக்கு மேலே". மூன்றையும் ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் நிற்காது.

இன்னொரு சூட்சுமம். ஆரம்பத்தில் குறி பார்த்து எறியச் சொல்லக் கூடாது. டப்பாவை வைத்து "இதுல அடி" என்றால் பிள்ளை உடம்பைச் சுருக்கி, மணிக்கட்டால் மெதுவாகத் தட்டிவிடும். அதுதான் குறி தப்பாத வழி. "எவ்வளவு தூரம் போகுது பாப்போம், ஓங்கி எறி" என்றால்தான் கால் முன்னே வரும், இடுப்பு திரும்பும். பலமாக எறியப் பழகிய பிறகு குறி தானே வந்துகொள்ளும்.

முதல் பத்தியில் போட்ட கணக்கை மறுபடி போட்டால், பதினெட்டுப் பந்து, பன்னிரண்டு நிமிட எறிதல், ஒரு ஜோடியில் நிமிடத்துக்கு எட்டு எறி என்று குறைவாகவே வைத்தாலும் தலைக்கு 48. இரண்டரை எங்கே, 48 எங்கே! பிள்ளைகள் சண்டை போடுவதும் குறைந்துவிடும். சண்டை போட நேரமில்லை.

மீதி நேரத்துக்கு ஒரு விளையாட்டு கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் பி.டி. பீரியடும் இன்னொரு பாடமாகிவிடும். ஆனால் எந்த விளையாட்டு என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நாற்காலி விளையாட்டு, பந்தால் அடித்து வெளியேற்றுவது போன்றவற்றில் முதலில் "அவுட்" ஆகிறவன் யார்? மெதுவாக ஓடுகிறவன், பிடிக்கத் தெரியாதவன். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவனை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்தவனுக்கே மேலும் பயிற்சி கொடுக்கிறோம். விளையாட்டையே தூக்கிப் போட வேண்டியதில்லை. அவுட் ஆனவன் ஓரமாகப் போய்ப் பத்து முறை நொண்டிவிட்டு உள்ளே வரலாம் என்று ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும்.

அணி பிரிப்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு கேப்டனை நிறுத்தி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நாம் எங்கிருந்தோ பிடித்துக்கொண்ட பழக்கம். கடைசியாக நிற்கிற இரண்டு பேரும் எப்போதும் அதே இரண்டு பேராக இருப்பார்கள். நம் ஊரில் இதற்கு இதைவிட நல்ல முறை இருந்தது. உத்தி பிரிப்பது. இரண்டு பேர் தாச்சி, அதாவது அணித் தலைவர்கள். மற்றவர்கள் தமக்குச் சமமான ஒருவனோடு ஜோடி சேர்ந்து, தள்ளிப் போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கை போட்டு வருவார்கள். "மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா?" தாச்சி ஒன்றைச் சொல்வான். எது யார் என்று அவனுக்குத் தெரியாது. சம பலமுள்ளவர்களே ஜோடி சேர்வதால் இரண்டு அணியும் தானாகச் சமமாகும். யாரும் வேண்டாத ஆளாகக் கடைசியில் நிற்பதில்லை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, என் பாட்டி ஊர்த் திண்ணையில் பார்த்தது.

பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களின் சின்ன அச்சு இல்லை. ஆறு வயதுப் பிள்ளை வேகமாக ஓடும், சட்டென்று மூச்சு வாங்கி நிற்கும், அடுத்த நிமிடமே மறுபடி ஓடும். மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு என்பது அதன் உடம்புக்கும் மனசுக்கும் பொருந்தாது. எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோலின் பரப்பு நம்மைவிட அதிகம், வியர்ப்பது குறைவு. வெயில் அவர்களைச் சீக்கிரம் பிடிக்கும். விளையாட்டு மும்முரத்தில் தண்ணீர் கேட்கவும் மாட்டார்கள். அப்படியிருக்க, பல பள்ளிகளில் பி.டி. பீரியட் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, மண் கொதிக்கும் நேரத்தில் இருக்கிறது. காலை நேரம் "படிப்புக்கு" வேண்டும் அல்லவா! முன்பெல்லாம் காலையில் வைக்கத் தயங்க ஒரு நியாயமான காரணம் இருந்தது. பாதிப் பிள்ளைகள் சாப்பிடாமல் வருவார்கள், ஓடவிட்டால் மயங்கி விழுவார்கள். 2022இல் தொடங்கி அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் வந்த பிறகு அந்தக் காரணம் பெருமளவு போய்விட்டது. இட்ட உணவு செரிக்க முக்கால் மணி நேரம் விட்டு, வெயில் ஏறுமுன் பிள்ளைகளை வெளியே கொண்டுவரலாம்.

கால் விஷயம். செருப்போடு ஓடினால் பிள்ளை விழும். வெறுங்காலோடு ஓடுவது சின்னப் பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை, மண் சுத்தமாக இருந்தால். நெருஞ்சி முள்ளும் கண்ணாடிச் சில்லும் இருக்கிறதா என்று காலையில் ஒரு நடை நடந்து பார்ப்பது ஆசிரியரின் வேலைதான். மாணவர்களை வரிசையாகக் குனிந்து நடக்கச் சொன்னால் அதையே ஒரு பயிற்சியாகவும் ஆக்கிவிடலாம்.

பூட்டிய பீரோவும் கடன் போன பீரியடும்

பணம் இல்லை என்பது பாதி உண்மை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருட்களுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைக்கு 10,000, அதற்கு மேல் 25,000 என்று ஒதுக்கீடு உண்டு. ஐயாயிரம் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அதில் வாங்கப்படுவது ஒரு கேரம் போர்டு, பெரிய பிள்ளைகளுக்கான கைப்பந்து, கிரிக்கெட் மட்டை ஒன்று, வளையப்பந்து இரண்டு. ஏழு வயதுக் கைக்குள் அடங்காத பந்தும், தூக்க முடியாத மட்டையும். வாங்கியதும் பீரோவுக்குள் போய்விடும். பந்து கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்ற பயம். தேயாத பந்து பதிவேட்டுக்கு அழகு. மைதானத்துக்கு அது எதற்கு? அதே பணத்தில் கையளவு மென்பந்து இரண்டு டஜனும், ஸ்கிப்பிங் கயிறு ஒரு டஜனும் வாங்கலாம். வளையத்துக்குப் பழைய சைக்கிள் டயர், எல்லைக் குறிக்கு மணல் நிரப்பிய பாட்டில்.

இதைவிடப் பெரிய பிரச்சினை நேரம். கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடைக் கடன் வாங்குவது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை. முடிந்தால் உங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையில் சொல்லுமளவுக்கு. தொடக்கப் பள்ளியில் கடன் வாங்கவும் ஆள் தேவையில்லை. கணக்கும் பி.டி.யும் ஒரே ஆசிரியர். வாங்குபவரும் கொடுப்பவரும் அவரே, கேள்வி கேட்கவும் யாரும் இல்லை.

அப்புறம் தண்டனை. "சத்தம் போட்டா இன்னிக்கு பி.டி. கட்." எல்லோரும் சொல்லியிருப்போம், நானும்தான். நாள் முழுக்க உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளைதான் சத்தம் போடும். அதற்குத்தான் அந்த நாற்பது நிமிடம் மருந்து. மருந்தைப் பிடுங்குவதைத் தண்டனையாக வைத்திருக்கிறோம். எதிர்ப்பக்கமாக, வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு ரவுண்டு ஓட்டம், தோப்புக்கரணம். ஓடுவது தண்டனை என்று ஏழு வயதில் மனசில் பதிந்தால் முப்பது வயதில் மருத்துவர் ஓடச் சொல்லும்போதும் அது தண்டனையாகத்தான் தோன்றும். உடலை வருத்தும் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. தோப்புக்கரணம் அதில் சேருமா என்று பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை.

ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வாரம் இரண்டு பீரியடால் அந்த 60 நிமிடம் நிரம்பாது. பீரியடில் கற்றதை இடைவேளையிலும் மாலையிலும் பிள்ளைகள் தாமாக ஆட வேண்டும். பந்தைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைதான் மாலையில் விளையாடப் போகும். தெரியாதது "எனக்கு விளையாட்டெல்லாம் பிடிக்காது" என்று வீட்டில் உட்கார்ந்துவிடும். பிடிக்காது என்று அது சொல்வது பெரும்பாலும் வராது என்பதன் மரியாதையான வடிவம்.

நடக்கச் சிரமப்படும் பிள்ளையை ஸ்கோர் எழுத வைப்பது நம் வழக்கமான கருணை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த ஒரு பையனை யாராவது அப்படி ஸ்கோர் எழுதவே வைத்திருந்தால், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். அவரை உயரம் தாண்டச் சொன்னவர் ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர். எல்லோரும் பதக்கம் வாங்கப் போவதில்லை, அது இங்கே பேச்சும் இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் துணிப்பந்தை ஓங்கி எறியலாம், பிடிக்கலாம். ஜோடி முறையில் அதற்கென்று தனி ஏற்பாடே தேவைப்படாது. இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார் என்பதை மட்டும் பெற்றோரிடமும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் ஜூன் மாதமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பீடு என்றும் ஒன்று இருக்கிறது. 2012இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் உடற்கல்விக்கும் கிரேடு உண்டு. பருவக் கடைசியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து மேலிருந்து கீழே 'ஏ', 'பி', 'ஏ', 'ஏ' என்று நிரப்பிவிடுவோம். குண்டாக இருப்பவனுக்கு 'பி', கபடி ஆடுகிறவனுக்கு 'ஏ'. மத்திய அரசின் ஃபிட் இந்தியா உடல்தகுதிப் பரிசோதனையில் மூன்றாம் வகுப்பு வரை ஒற்றைக் காலில் நிற்பதும் தட்டு தொடுவதும், நாலாம் வகுப்பிலிருந்து 50 மீட்டரும் 600 மீட்டரும் ஓடுவதும் இருக்கின்றன. எண்களைச் செயலியில் ஏற்றிவிட்டால் அதோடு வேலை முடிந்தது என்று ஆகிவிடுகிறது. ஒற்றைக் காலில் நிற்க முடியாத பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன பயிற்சி என்று அந்த எண் சொல்வதில்லை.

நான் கடைசி சில வருடங்களாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம், ஒரு பீரியடுக்கு நாலு பிள்ளை மட்டும். கிரேடு கிடையாது. "வலது கையால் எறிகிறாள், இடது கால் இன்னும் வரவில்லை." "பந்து வந்தால் கண்ணை மூடுகிறான், பலூன் கொடுக்கவும்." "நொண்டி: வலதில் பத்து, இடதில் மூன்று." ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கிரேடு எங்க டீச்சர்?" என்று கேட்டார்.